தாங்க முடியவில்லை என்று சொல்ல வேண்டுமாம்

ஹோர்ன்வெர்ட், குரோனிங்கன்
பிப்ரவரி 6, 2017

அன்புள்ள வுப்போவுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். பிரான்சில் மகள் நடத்தும் விடுதியில் வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பவன் நலமாகத்தான் இருப்பான். நான் நலமில்லை. கணையத்தில் புற்றுநோய். கல்லீரலுக்கும் போய்விட்டது. செய்வதற்கு ஒன்றுமில்லை, கோடைவரை பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். படித்த கையோடு போன் செய்யாதே. தர்மசங்கடமாக எதையாவது கேட்டால், "லைன் சரியில்லை ரென்ஸ்கா" என்று வைத்துவிடுவாய். முப்பது வருஷம் ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்திருக்கிறோம், உன் சாமர்த்தியம் எனக்குத் தெரியாதா? கடிதம் என்றால் படித்துத்தான் ஆக வேண்டும்.

என் கணவர் டெர்க் செத்தது உனக்கு நினைவிருக்கும். அந்த மனிதர் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை. கேட்க நினைத்தபோது பேச்சு நின்றுவிட்டது. "வாயால கேக்காம நான் ஒண்ணும் செய்யக்கூடாது ரென்ஸ்கா, சட்டம் அப்படி" என்று நீ கையைப் பிசைந்துகொண்டு நின்றாய். நாட்கணக்கில் அவர் மூச்சுக்குத் தவித்ததை நானும் நீயும் பார்த்துக்கொண்டிருந்தோம். அடக்கம் முடிந்த வாரமே உன் கிளினிக்குக்கு வந்தேன். எனக்கு இப்படி ஒரு நிலை வந்தால் ஊசி போட்டு அனுப்பிவிடு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, உன் மேசைமேல் வைத்தேன். நீ ஒரு வரி விடாமல் படித்தாய். "சரி, அந்த நாள் வந்தா நான் பாத்துக்கறேன்" என்று கை கொடுத்தாய். நம் ஊரில் கை கொடுத்தால் மாடே கைமாறும். நானும் கவலையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வருஷா வருஷம் புதுத் தேதி போட்டுக் கையெழுத்திட்டதும் உன் கண்முன்னால்தான்.

போன வாரம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உன் இடத்துக்கு வந்திருக்கும் லிஸ்பெத்திடம் போனேன். தெற்குக்கோடி லிம்பர்க்காரி. பாட்டுப் பாடுகிற மாதிரி பேசுகிறாள், கேள்வி கேட்கும் முன்னால் தோளைத் தொடுகிறாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது நீங்க டாக்டர் வுப்போகிட்ட குடுத்தது. எனக்கு உங்களைத் தெரியாதே."

"என்னைத் தெரிய வேண்டாம். தேதியும் கையெழுத்தும் சரியா இருக்கான்னு பாருங்க, போதும்."

"அப்படி இல்லைங்க. இது உரிமை இல்லை, வேண்டுகோள். நீங்க கேக்கலாம். செய்யணும்னு எந்த டாக்டருக்கும் கட்டாயம் கிடையாது. எனக்கே மனசு ஒப்பணும்."

மனசு ஒப்பணுமாம்! பல் பிடுங்கப் போனால் பல் டாக்டரின் மனசைக் கேட்கிறோமா? இத்தனை வருஷம், ரயில் டிக்கெட் எடுத்துவிட்டவள்போல நிம்மதியாக இருந்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அலமாரியில் தாள் இருக்கிறது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று. அது டிக்கெட் இல்லை என்று நீ ஏன் ஒருநாளும் சொல்லவில்லை? ஓய்வு பெறும்போது ஊருக்கெல்லாம் ஆப்பிள் கேக் கொடுத்தாய். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாய். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாயா?

சுற்றி வளைக்கவில்லை. கிளம்பி வா. வந்து சொன்னதைச் செய்.

உன் பக்கத்து வீட்டுக்காரி,
ரென்ஸ்கா


லா ரோஷ், பிரான்ஸ்
பிப்ரவரி 14, 2017

அன்பு ரென்ஸ்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு தோட்டத்தில் இரண்டு சுற்று நடந்தேன். முழங்கால் வலியோடு நடந்தேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், போகட்டும். கணையம் என்று படித்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அதை மட்டும் நம்பு.

நீ கேட்டதற்கு நேரான பதில்: முடியாது. என் மருத்துவப் பதிவைப் போன வருஷம் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். இன்று நான் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதினாலே தப்பு. உனக்கு ஊசி போட்டால் அது கொலை, ஜெயிலுக்குப் போவேன். நம் நாட்டுச் சட்டத்தில் இது குற்றம்தான். விதிகளின்படி நடந்த டாக்டரை மட்டும் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் லிஸ்பெத்தைக் கரித்துக்கொட்டாதே. அவள் சொன்னது சரி. கேட்பது நீயாகவே, நன்றாக யோசித்துக் கேட்கிறாய் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். உன் துன்பம் தாங்க முடியாதது, மீள வழியில்லாதது என்று அவளுக்கே படவேண்டும். அப்புறம் சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டர் வந்து உன்னிடம் தனியாகப் பேசுவார். எல்லாம் முடிந்த பிறகு நகராட்சி மருத்துவர் வருவார், ஒரு குழு அவள் செய்தது சரியா என்று பரிசீலிக்கும். தாள் இதற்கெல்லாம் துணை, அவ்வளவே. உன் வாய்தான் முக்கியம். அவளை வீட்டுக்குக் கூப்பிடு. காபி கொடு. பேசு. உனக்குத்தான் பேசத் தெரியுமே, ஹோர்ன்வெர்ட்டில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் உன்னிடம் திட்டு வாங்கியே ஓட்டக் கற்றவர்கள்தானே.

இரண்டு வருஷமாக நீ எனக்கு ஒரு புத்தாண்டு அட்டைகூட அனுப்பவில்லை. அனுப்பிய முதல் கடிதம் இது. அதையும் சொல்லிவைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதப் போனேன். கை நின்றுவிட்டது.

அன்புடன்,
வுப்போ


ஹோர்ன்வெர்ட்
மார்ச் 20, 2017

வுப்போ,

அன்புள்ள என்று போட இன்றைக்கு மனம் வரவில்லை. ஜெயிலுக்குப் போவேன் என்று எழுதியிருக்கிறாய். நான் உன்னை ஜெயிலுக்குப் போகச் சொல்லவில்லை, பதிவை விட்டுவிடாமல் இருந்திருக்கலாமே என்றுதான் சொல்கிறேன். சரி, அதை விடு. நீ சொன்னபடியே செய்தேன். என்ன ஆயிற்று என்று கேள்.

லிஸ்பெத் வந்தாள், திரும்பத் திரும்ப வந்தாள். சமையலறையில் உட்கார்ந்து பேசினோம். கெட்டவள் இல்லை. என் கடுகு சூப்பைக் குடித்துவிட்டு, "எங்க ஊர்ல இதைச் சூப்புன்னு சொல்ல மாட்டோம்" என்று சிரித்தாள். வேறு வழிகளையும் சொல்லிப் பார்த்தாள். கடைசி நாட்களில் மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிடலாமாம், அப்படியே போய்விடலாமாம். "நான் தூங்கிட்டு இருப்பேன், என் தங்கச்சி பக்கத்துல உக்காந்து இந்த மூச்சா அடுத்த மூச்சான்னு பாத்துட்டு இருக்கணுமா? டெர்க்குக்கு நான் அதைத்தான் செஞ்சேன். அந்த வேலையை யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றேன். அதை எழுதிக்கொண்டாள். பிறகு, "சரி, அடுத்த டாக்டரைக் கூப்பிடறேன்" என்றாள். தங்கச்சி ஹிலி இப்போது என்னோடுதான் இருக்கிறாள், எழுத மறந்துவிட்டேன். தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டாள், பாவம்.

அந்த இன்னொரு டாக்டர் போன வாரம் வந்தார். சிவப்புச் சட்டமிட்ட கண்ணாடி, நல்ல மனிதர். விருந்தாளி வருகிறார் என்றால் வீடு எப்படி இருக்க வேண்டும்? காலையிலேயே எழுந்து ஜன்னல் துடைத்தேன். வாந்தி வாளியைக் குளியலறைத் திரைக்குப் பின்னால் ஒளித்தேன். நீல கம்பளிச் சட்டை, கொஞ்சம் உதட்டுச் சாயம். மஞ்சள் பூத்த முகத்தோடு யாரையும் வரவேற்க எனக்குப் பழக்கமில்லை. காபி, ஒரு பிஸ்கட்.

"எப்படி இருக்கீங்க?" என்றார்.

"இதைவிட மோசமா இருக்கலாம்."

"வலி எப்படி?"

"இருக்கு. அதுக்கென்ன பண்றது."

"தாங்க முடியுதா உங்களால?"

"தாங்கித்தானே ஆகணும்."

தனியாகப் பேச வேண்டும் என்று ஹிலியைச் சமையலறைக்கு அனுப்பியிருந்தார். அவள் அங்கேயிருந்தே, "எங்க அக்கா இரும்புங்க டாக்டர்!" என்று குரல் கொடுத்தாள். அவர் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். கிளம்பும்போது வாய்க்காலோரம் காரைத் திருப்பத் தெரியாமல் திண்டாடினார். குளிரில் வாசலில் நின்று, "இடது பக்கம் ஒடிங்க, இன்னும், இன்னும், இப்ப நேர்" என்று நான்தான் எடுத்துவிட்டேன். அவர் கையசைத்துவிட்டுப் போனார். கதவைச் சாத்தினேன். சுவரைப் பிடித்தபடி நடைவழித் தரையில் சரிந்தேன். ஹிலி வந்து தூக்கும்வரை எழுந்திருக்க முடியவில்லை.

அவர் என்ன எழுதினார் தெரியுமா? லிஸ்பெத் படித்துக் காட்டினாள். நோய் குணமாகாது என்பதில் சந்தேகமில்லையாம். கேட்பது நானாகத்தான் என்பதிலும் சந்தேகமில்லையாம். ஆனால் துன்பம் தாங்க முடியாத கட்டத்தை எட்டியதாக அவருக்குத் தோன்றவில்லையாம். நிலைமை மாறினால் மறுபடி வருவாராம்.

நிலைமை மாறினால்! கல்லீரல் முழுக்கக் கட்டி. ஒரு கரண்டி தயிர் உள்ளே போனால் இரண்டு கரண்டி வெளியே வருகிறது. முதுகைச் சாய்க்க முடியாமல் நாற்காலியில் குனிந்தபடி தூங்குகிறேன். இதற்குமேல் என்ன மாற வேண்டும்? அந்தக் கனவானுக்கு முன்னால் நான் தரையில் புரண்டிருக்க வேண்டுமா? தலைவிரி கோலமாகக் கதவைத் திறந்திருக்க வேண்டுமா? அழுத பிள்ளை பால் குடிக்கும், தெரியும். அழுதால்தான் சாகவிடுவேன் என்பது எந்த ஊர் நியாயம்? ஜன்னலைத் துடைத்தது குற்றமா? காபி கொடுத்தது குற்றமா? என் அப்பா டிராக்டரில் கை நசுங்கி வந்து நின்றபோது, "கொஞ்சம் துணி இருந்தா குடு" என்றுதான் அம்மாவிடம் சொன்னார். நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். சட்டம் எழுதினவர்கள் இந்தப் பக்கம் வந்ததே இல்லையா?

இனி என்ன செய்யட்டும், சொல். நீதான் வாய் முக்கியம் என்றாய்.

ரென்ஸ்கா


லா ரோஷ்
மார்ச் 27, 2017

ரென்ஸ்கா,

நீ ஒரு முட்டாள். நாற்பது வருஷ டாக்டராகச் சொல்கிறேன், நண்பனாகவும் சொல்கிறேன்.

உன்னிடம் கார் கற்றுக்கொண்ட யாரை வேண்டுமானாலும் எழுப்பிக் கேள், நீ கத்திய முதல் பாடம் என்னவென்று. "கண்ணாடியைக் கண்ணால மட்டும் பாக்காத! தலையைத் திருப்பு! பரீட்சை அதிகாரிக்கு உன் கண்ணு தெரியாது, தலைதான் தெரியும்! பாத்தேன்னு காட்டலைன்னா நீ பாக்கலை, அவ்வளவுதான், ஃபெயில்!" என் மகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே அழவைத்தவள் நீ. இப்போது உன் பரீட்சைக்கு அதிகாரி வந்து உட்கார்ந்தார். நீ தலையைத் திருப்பினாயா? வாளியை ஒளித்தாய்! அவருடைய காரை வேறு எடுத்துக் கொடுத்தாய்! உன்னிடம் படித்த மாணவன் இப்படிச் செய்திருந்தால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறக்கிவிட்டிருப்பாய்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்த விஷயத்தில் வாயுள்ளவர்தான் போக முடியும். அது கொடுமை என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்தக் கேள்விகள் எதற்காக என்று யோசி. நாளைக்கு ஒரு மருமகன் மாமியாரின் வீட்டுக்கு ஆசைப்பட்டு, "அவங்களுக்குத் தாங்க முடியலை டாக்டர்" என்று வந்து நிற்பான். அன்றைக்கு அந்தக் கிழவியைக் காப்பாற்றுவது, "நீங்களே சொல்லுங்க" என்று நாங்கள் பிடிக்கும் இந்தப் பிடிவாதம்தான். உனக்கு முள்வேலியாகத் தெரிவது அவளுக்கு வீட்டுச் சுவர்.

இன்னொன்று. ஊசியைப் பிடிக்கும் கையைப் பற்றி நம் நாட்டில் யாரும் பேசுவதில்லை. சட்டம் பற்றிப் பேசுவார்கள், உரிமை பற்றி டிவியில் கத்துவார்கள். நான் ஒருமுறைகூட அது முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போனதில்லை. கடல் அணைவரை ஓட்டிக்கொண்டுபோய் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். நன்றி சொல்லிக் கட்டிப்பிடித்துத்தான் எல்லோரும் அனுப்புவார்கள். லிஸ்பெத் தயங்கினால் அது உன்மேல் உள்ள அலட்சியம் அல்ல.

லிஸ்பெத்துக்கு போன் செய்தேன். "அவ இதைவிட மோசமா இருக்கலாம்னு சொன்னா, ஆம்புலன்ஸைக் கூப்பிடற நிலைமைன்னு அர்த்தம்" என்று சொன்னேன். "எனக்கும் கொஞ்சம் புரியுது, ஆனா அவங்க வாயால வரணும்" என்றாள். டெர்க் விஷயத்தில் நானும் உன்னிடம் அதைத்தான் சொன்னேன்.

வாளியை வெளியே எடுத்து வை, ரென்ஸ்கா.

வுப்போ


ஹோர்ன்வெர்ட்
ஏப்ரல் 13, 2017

வுப்போ,

பாடம் நடத்தியதற்கு நன்றி. நீ தலையைத் திருப்பச் சொன்னதைப் படித்துவிட்டு உன் கடிதத்தைக் கசக்கி அடுப்பங்கரையில் எறிந்தேன். ஹிலி பொறுக்கி, நீவி, மறுபடி கொடுத்தாள். உனக்கு அவள்மேல் நன்றி இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை எனக்கு எழுபத்திரண்டு முடிந்தது. வேண்டாம் என்றேன், ஹிலி கேட்கவில்லை. நாற்காலிகளையெல்லாம் வட்டமாகப் போட்டாள். தெருக்காரர்கள் வந்தார்கள், ஒவ்வொருவரும் சுற்றி வந்து எல்லோருக்கும் கை கொடுத்து வாழ்த்தினார்கள். "உங்க அக்காவுக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள்" என்று ஹிலிக்கும் வாழ்த்து. சாகப்போகிறவளின் பிறந்தநாளுக்கு அவள் தங்கைக்கு வாழ்த்து! யாருக்கும் அதில் கூச்சமில்லை, எனக்கும் இல்லை. கிரீம் கேக் சுற்றி வந்தது. மழை எப்போது நிற்கும், உருளைக்கிழங்கு எப்போது நடலாம் என்று பேச்சு. எல்லோரும் என் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

பிறந்தநாள் என்று தெரியாமல் லிஸ்பெத் மருந்துப் பையோடு உள்ளே வந்தாள். வட்டத்தைப் பார்த்துத் திகைத்தாள். சடங்குப்படி எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு என்னிடம் வந்து, "எப்படி இருக்கீங்க?" என்றாள்.

"இதைவிட மோசமா..." என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை, வுப்போ. உன்மேலிருந்த கோபமா, அந்தச் சிவப்புக் கண்ணாடிமேலிருந்த கோபமா, எல்லாம் சேர்ந்து வாய்க்கு வந்துவிட்டது.

"இல்லை" என்றேன். "இதைவிட மோசமா இருக்க முடியாது. எனக்குத் தாங்க முடியலை. காலையில கண்ணு முழிச்சதும் அய்யோ இன்னும் இருக்கேனேன்னு அழறேன். கழிப்பறைக்குத் தவழ்ந்து போறேன். இந்தக் கேக்கு வாசனைக்கே வயிறு புரட்டுது, அரை மணி நேரமா அடக்கிட்டு உக்காந்திருக்கேன். நான் இரும்பு இல்லை. எனக்கு முடியலை. எனக்கு முடியலைன்னு சொல்றேன், கேக்குதா எல்லாருக்கும்?"

கத்தினேனாம். எனக்குத் தெரியவில்லை. தட்டுகளெல்லாம் அப்படியே நின்றன. ஹிலி, "ஏன் அக்கா என்கிட்ட சொல்லலை?" என்றாள். "நீ இரும்புன்னு சொல்லிட்ட. அப்புறம் எப்படிச் சொல்றது?" என்றேன். அவள் ஓவென்று அழுதாள். பிறகு வாந்தி எடுத்தேன், எல்லோர் முன்னாலும். வாளியை வெளியே எடுத்து வைக்கச் சொன்னாயே, எடுக்க நேரமிருக்கவில்லை. எதிர்வீட்டு கேர்ட் துணி கொண்டுவந்து துடைத்தான். லிஸ்பெத் கோட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் என் காலடியில் உட்கார்ந்தாள்.

எல்லோரும் போன பிறகும் அவள் இருந்தாள். நெடுநேரம் பேசினோம். அப்போதுதான் இது வெளியே வந்தது. நீ கிளினிக்கை ஒப்படைத்தபோது ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொன்னாயாமே? யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யார் ரகசியமாகக் குடிக்கிறார், யார் இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், எல்லாம். என்னைப் பற்றி என்ன சொன்னாய் தெரியுமா? "பக்கத்து வீட்டு ரென்ஸ்காவா? அவளுக்கு ஒண்ணும் வராது, நல்லாயிருக்கா." அவ்வளவுதான். என் தாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறந்தாய் என்று சொல்லாதே. அந்தத் தாளை ஒவ்வொரு ஜனவரியும் உன் மேசைமேல் வைத்தவள் நான்.

பதிவும் முழங்காலும் காரணமில்லை. நீ ஓடிவிட்டாய். கை கொடுத்துவிட்டு ஓடிவிட்டாய். கடல் அணையில் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்த கதையெல்லாம் எனக்கு எழுதுகிறாயே, யாருக்காகவெல்லாமோ உட்கார்ந்தாய், எனக்காக உட்காரமாட்டாய், அப்படித்தானே?

ரென்ஸ்கா


லா ரோஷ்
ஏப்ரல் 19, 2017

ரென்ஸ்கா,

ஆமாம், ஓடிவிட்டேன். நீ மன்னிப்புக் கடிதம் எதிர்பார்த்தால் அது இதில் இல்லை. எனக்கும் கோபம் இருக்கிறது. இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தவன் நான், இப்போது நீ கேள்.

அன்று நீ என் மேசைமேல் தாளை வைத்தாய். டெர்க்கை இழந்து வந்து நின்றவளிடம் நான் வேறு என்ன சொல்லியிருப்பேன்? கை கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியும் வருவாய். கையெழுத்துப் போடுவாய். "சரி, இது முடிஞ்சுது, வீட்டுக்கு வா, பட்டாணி சூப் இருக்கு" என்பாய். என் மனைவி போன பிறகு நான் மனிதனாக உட்கார்ந்து சாப்பிட்டது உன் சமையலறையில் மட்டும்தான். அந்தச் சூப்பைக் குடிக்கும்போதெல்லாம் என் முன்னால் கரண்டியோடு நிற்கும் கையைப் பார்ப்பேன். இந்தக் கையில்தான் நரம்பைத் தேட வேண்டும் என்று நினைப்பேன். மனசுக்குள் எத்தனை முறை உன்னை ஊசி போட்டு அனுப்பினேன் தெரியுமா, நீ எதிரே நின்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போதே?

நீ ஒருநாளாவது கேட்டாயா? "வுப்போ, உன்னால முடியுமா?" என்று ஒரே ஒரு தடவை? என்னிடம் எதை ஒப்படைக்கிறாய் என்று யோசித்தாயா? எண்ணெய் மாற்றக் காரை விடுகிறவள்போல விட்டுவிட்டுப் போனாய். கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். வேறு யாராக இருந்தாலும் முடியும், உனக்கு முடியாது என்று சொல்லியிருப்பேன். அப்போது உனக்கு வேறொருவரைத் தேட நேரம் இருந்திருக்கும். எந்த டாக்டரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று சட்டத்தில் சும்மாவா எழுதி வைத்தார்கள்? அது என்னைப் போன்றவனுக்காக எழுதியது.

லிஸ்பெத்திடம் உன்னைப் பற்றிச் சொல்லாதது தப்பு. சொன்னால் அது நடந்துவிடும் என்று பயந்தேன். நாற்பது வருஷ டாக்டருக்கு இப்படி ஒரு பயம், சிரிப்பாக இருந்தால் சிரித்துக்கொள்.

நாள் குறித்ததும் எழுது. வருகிறேன். ஊசியோடு இல்லை, பக்கத்தில் உட்கார. அதற்காவது விடு.

வுப்போ


ஹோர்ன்வெர்ட்
மே 3, 2017

அன்புள்ள வுப்போவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஹிலி எழுதித் தருகிறேன் என்றாள். உன்னைத் திட்டுவதற்கு இன்னொருத்தி கை எதற்கு என்று நானே எழுதுகிறேன்.

சிவப்புக் கண்ணாடிக்காரர் மறுபடி வந்தார். இந்த முறை ஜன்னல் துடைக்கவில்லை. இரவு உடுப்போடு, வாளியை மடியில் வைத்துக்கொண்டு, நான் பேசினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன தடவை நான் சரியாக் கேக்கலை" என்றார். "நான் சரியாச் சொல்லலை" என்றேன். அதற்காக அந்தச் சட்டத்தின்மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று எண்ணாதே. என் சாவைக் கேட்டு வாங்க என்னை ஊர் நடுவில் கத்தவைத்தார்கள். நீ சொன்ன மருமகன் கதை நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு அலறத் தெரியாமல் கிடக்கும் எத்தனை பேர் இந்த வயல்வெளியில் இருக்கிறார்கள்? அவர்களுக்காக எந்தக் குழு உட்காரும்? யாராவது கேட்டால் இதைச் சொல்.

அவர் சரி என்று எழுதிவிட்டார். உடனே தேதி. அதற்கும் ஒரு கூத்து. லிஸ்பெத் தன் டைரியை எடுத்தாள், ஹிலி தன் டைரியை எடுத்தாள். "புதன் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு, வெள்ளி எனக்கு ஒரு பயிற்சி" என்றாள் லிஸ்பெத். "வியாழன் பதினோரு மணி?" என்றாள் ஹிலி, முடிவெட்டிக்கொள்ள நேரம் குறிப்பவள்போல. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வலிக்கிறது, இருந்தும் சிரித்தேன். மே பதினொன்று, வியாழன்.

லிஸ்பெத் டைரியை மூடினாள். உன் கடிதம் என் தலையணைக்கு அடியில்தான் இருந்தது. அதனால் கேட்டேன்.

"லிஸ்பெத், உன்னால முடியுமா?"

என் வாயில் "நீ" வந்ததை அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை.

"இதுவரைக்கும் நான் செஞ்சதில்லை" என்றாள். "முடியுமான்னு தெரியலை. ஆனா செய்வேன். உங்களைத் தெரிஞ்சுக்கிட்டதால செய்வேன். அதனாலயே கஷ்டமாவும் இருக்கு."

"முடியலைன்னா இப்பவே சொல்லிடு. நான் திட்ட மாட்டேன்."

"நீங்க திட்டாம இருப்பீங்களா?" என்றாள். அப்புறம் அழுதாள். நான் அவள் தோளைத் தொட்டேன். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அப்படித் தொட்டதில்லை.

அவள் சரி என்றதற்கு அப்புறம்தான் உன் கோபம் எனக்குப் புரிந்தது. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நீயும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு பேரும் குரோனிங்கன்காரர்கள், வேறென்ன சொல்ல? நீ என்மேல் வைத்திருந்ததை ஒரு தடவை சூப் குடிக்கும்போது வாயைத் திறந்து சொல்லியிருந்தால், நாம் இரண்டு பேரும் வேறு மாதிரி கிழமாகியிருப்போம். அதற்காக உன்மேல் எனக்கு ஆத்திரம் தீரவே தீராது. வருத்தம் என்று எழுத மாட்டேன், ஆத்திரம்தான்.

இப்போது கேள். வியாழக்கிழமை என் வீட்டுக்கு வராதே. நீ பக்கத்தில் உட்கார்ந்தால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் போக வேண்டியிருக்கும், அது எனக்கு வேண்டாம். பழைய டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று லிஸ்பெத்தும் தடுமாறுவாள். என் கையை ஹிலி பிடித்துக்கொள்வாள். அவளிடம் இப்போது எதையும் மறைப்பதில்லை.

நீ லிஸ்பெத்திடம் போ. பிற்பகல் நகராட்சி மருத்துவர் வந்து போன பிறகு அவள் வீட்டுக்குப் போவாள். அவள் கணவர் நல்ல பையன்தான், தச்சன், அவருக்கு என்ன தெரியும்? இந்த ஊரில் அது என்னவென்று தெரிந்தவன் நீ ஒருவன்தான். நீ கடல் அணையில் தனியாக உட்கார்ந்தாய், அவள் தனியாக உட்காரக் கூடாது. நீ போய் அவள் பக்கத்தில் உட்கார். பேச வேண்டாம் என்றால் பேசாதே. உனக்கு அது நன்றாக வரும்.

எனக்குக் கை கொடுத்தாய். செய்ய முடியவில்லை. சரி, விட்டுவிட்டேன். இதைச் செய்.

உன்னால் முடியுமா, வுப்போ? இந்த முறை கேட்டுவிட்டேன். பதில் எழுதாதே, எனக்கு வந்து சேராது. முடியும் என்றால் கிளம்பு.

ரென்ஸ்கா